அம்மாவின் கண்ணுக்குத் தந்த மருந்து

என் தங்கை றெஜினாவின் வலது கண்ணில் கடலட்டைப் பால் தெறித்தபோது நான் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு இடையில் ஒரு பிளாஸ்டிக் பேசின் மட்டும்தான். காலை எட்டு மணி இருக்கும். அன்று கரைக்கு வந்த கடலட்டையில் பாதிக்கு மேல் நூலட்டை. தொட்டால் போதும், வெள்ளை வெள்ளையாக நூல் பீச்சும். கையில் பட்டால் பசைபோல ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க அரிக்கும். கண்ணில் படக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நாங்கள் கண்ணாடி போடுவதில்லை. வியர்வையில் கண்ணாடி மங்கிப்போனால் கத்தி வைக்கிற இடம் தெரியாது என்பது நாங்கள் சொல்லும் சாட்டு.

"ஐயோ அக்கா, என்ர கண்!" என்று கத்தியைப் போட்டுவிட்டு முழங்கையால் முகத்தை மூடினாள்.

அட்டை அவிக்கும் எங்கள் வாடிக் கொட்டிலில், என் முதுகுக்குப் பின்னால், குடிதண்ணீர்ப் பீப்பா நிறைய நின்றது. அது தேத்தண்ணிக்கு. கையில் முள் குத்தினாலும் கால் கிழிந்தாலும் கடலில் கழுவுவதுதான் எங்கள் பழக்கம். நான் அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கரையில் குனிய வைத்து, உள்ளங்கையால் கடல்தண்ணீரை அள்ளி அள்ளிக் கண்ணில் அடித்தேன். அட்டை அவித்த தண்ணீரையும் அதன் குடலையும் நாங்கள் தினமும் கொட்டுகிற அதே கரை. பத்து அடி பின்னால் நல்ல தண்ணீர் இருந்தது. இதை எழுதும்போது எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

இந்தக் கட்டுரையை, வீட்டில் ஒருவருடைய கண்ணுக்கு மருந்து விடும் பொறுப்பை எடுத்துக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன். கண் நோயைப் பற்றி டொக்டர்மார் எழுதுவார்கள். நோயாளிகளும் எழுதுவார்கள். பக்கத்தில் நின்று கெடுத்தவர்கள் எழுதுவது குறைவு.

என் பெயர் பிலோமினா. ஐம்பதுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. றெஜினா என்னைவிட ஏழு வயது இளையவள். மன்னாருக்குப் பக்கத்தில் தோட்டவெளியில் அடுத்தடுத்த வளவில் இருக்கிறோம். அவளுடைய கணவர் கட்டாரில் சாரதி. பிள்ளைகள் இல்லை. காலையில் இரண்டு பேரும் வாடிக்குப் போவோம். அட்டையைக் கீறி, குடல் எடுத்து, அவித்து, மணலில் புதைத்து, மறுநாள் தோண்டி, மேல்தோலைத் தேய்த்துக் கழற்றிக் காயப் போடுவோம். பிறகு அது கப்பலேறி எங்கேயோ போகும். நாங்கள் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. பின்னேரங்களில் றெஜினா தையல் மெஷினில் உட்காருவாள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைப்பதில் அவளுக்கு ஊரில் பெயர். தையல் போன தடம் தெரியாது என்பார்கள்.

அவளுடைய இடது கண் சின்ன வயதிலிருந்தே சரியில்லை. நாங்கள் தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்த காலத்தில் தவழ்ந்த பிள்ளை அவள். ஒரு கண் சற்று உள்ளே திரும்பியிருந்தது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கொஞ்சினோம். அந்த வயதிலேயே நல்ல கண்ணை மூடிக்கட்டி, சோம்பிய கண்ணைப் பழக்கியிருந்தால் பார்வை வந்திருக்கும் என்று இத்தனை வருடம் கழித்து டொக்டர் சொல்லித்தான் தெரிந்தது. இடது கண்ணால் அவளுக்கு ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. வலது கண்தான் அவளுக்கு இரண்டு கண்ணும்.

அந்தக் கண்ணுக்குத்தான் நான் வைத்தியம் பார்த்தேன்.

எங்கள் அம்மா இறப்பதற்கு முந்திய வருடம் அவருக்கு வெண்புரை (கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப்போவது) எடுத்தார்கள். ஒப்பரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் சொட்டு மருந்து விட்டது நான்தான். முதல் கிழமை நாளுக்கு ஆறு தரம், அடுத்த கிழமை ஐந்து தரம் என்று ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு போகவேண்டும். தாதி எழுதித் தந்த தாளை அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி, விட்ட ஒவ்வொரு சொட்டுக்கும் பென்சிலால் புள்ளி போட்டேன். கிளினிக்கில் டொக்டர் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு, "ஆர் மருந்து விட்டது? வடிவாப் பாத்திருக்கிறீங்கள்" என்றார். அன்றிலிருந்து என் தலையில் கொம்பு. ஊரில் ஒருவருக்குக் கண் சிவந்தால் என்னிடம் வந்து காட்டுவார்கள். பகிடியாக 'டொக்டரம்மா' என்று கூப்பிடுவார்கள். பகிடி என்று தெரிந்தும் எனக்குப் பிடித்திருந்தது.

அம்மா போன பிறகு அவருடைய சேலைகளைக் கொடுத்தோம், கட்டிலைக் கொடுத்தோம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நின்ற அந்தச் சின்னப் போத்தலை மட்டும் எனக்கு எறிய மனம் வரவில்லை. பாதி மிச்சம் இருந்தது. குலுக்கினால் வெள்ளையாகக் கலங்கும். அம்மா அதைப் 'பால் மருந்து' என்பார்.

அட்டைப் பால் பட்ட அன்று பின்னேரம் றெஜினாவின் கண் செத்தல் மிளகாய் போலச் சிவந்து, இமை வீங்கி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணீர் ஓடியபடி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று அவள் கேட்டாள். நான் அம்மாவின் போத்தலை எடுத்துக் குலுக்கினேன்.

"இது அம்மாவுக்கு விட்ட மருந்தல்லோ அக்கா?"

"கண் மருந்து எல்லாக் கண்ணுக்கும் ஒண்டுதான். அண்ணாந்து படு."

படுத்தாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் செய்கிற பிள்ளை.

மறுநாள் சிவப்பு பாதியாகக் குறைந்தது. மூன்றாம் நாள் வீக்கம் இல்லை. வாடியில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். வாடி முதலாளியான சம்மாட்டி, "இனி எங்களுக்கு ஆஸ்பத்திரி தேவையில்லை, பிலோ இருக்கிறா" என்றார். நான் அலுமாரியைத் திறந்து, அம்மாவின் தாளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தாளை ஒட்டி, அதே கணக்கில் புள்ளி போடத் தொடங்கினேன். முதல் கிழமை ஆறு, இரண்டாம் கிழமை ஐந்து, மூன்றாம் கிழமை நான்கு. ஒரு சொட்டுக்கூடத் தவறவில்லை. அசட்டையாக விட்டிருந்தால் ஒருவேளை இவ்வளவு கெட்டிருக்காது.

அந்த மருந்து ஸ்டீராய்ட் (வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும் மருந்து, கூடவே, கிருமியை எதிர்க்கும் உடம்பின் பலத்தையும் அடக்கிவிடும்). ஒப்பரேஷன் செய்த சுத்தமான கண்ணுக்கு அது நல்லது. மேல்தோல் உரிந்து, அழுக்குத் தண்ணீர் பட்ட கண்ணுக்கு அது கதவைத் திறந்துவிட்டது மாதிரி. சிவப்பு போனதைப் பார்த்து நான் நோய் போனதென்று நினைத்தேன். நோய் உள்ளே வசதியாக இருந்திருக்கிறது.

நான்காம் கிழமை றெஜினா ஊசியில் நூல் கோக்க முடியாமல் தவித்தாள். "பனி மூடின மாதிரி இருக்கு அக்கா" என்றாள். வெளியே கூட்டிவந்து வெயிலில் பார்த்தேன். கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. சவ்வரிசி அளவு.

அன்றே மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெளிநோயாளர் வரிசையில் எங்களுக்குப் பின்னால் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி நின்றாள். போன மாதம்தான் அவளுக்குக் கண்ணைப் பற்றி நான் ஒரு பிரசங்கம் வைத்திருந்தேன். டொக்டரின் மேசைக்கும் வரிசைக்கும் இடையில் ஒரு துணித் திரைதான், அதுவும் பாதி திறந்திருந்தது.

டொக்டர் இளம் ஆள். கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். புண் பச்சையாகத் தெரியும் என்றார். கருவிழிப் புண் (கண்ணின் முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் பகுதியில் விழும் காயம்) என்று கொப்பியில் எழுதினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இவ்வளவு நாளும் வேற ஏதும் சொட்டு மருந்து விட்டனீங்களோ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

திரைக்கு வெளியே அந்தப் பெண்ணின் செருப்பு எனக்குத் தெரிந்தது.

"இல்லை டொக்டர். கடல்தண்ணியால கழுவினது மட்டும்தான்."

றெஜினா பக்கத்தில் கதிரையில் இருந்தாள். ஒன்றும் பேசவில்லை. அவள் வலியில் இருக்கிறாள், கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். காலை பஸ்ஸில் ஏறினோம். வழக்கமாக அந்தப் பாதையில் போனால் ஒவ்வொரு ஊர்ப் பெயர்ப் பலகையையும் வாய்விட்டு வாசிப்பது அவளுடைய பழக்கம். முகாமில் படித்த பிள்ளைக்கு ஊர் திரும்பிய புதிதில் வந்த பழக்கம் அது. அன்று யன்னல் ஓரத்தில் கைலேஞ்சியைக் கண்ணில் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்தபடி இருந்தாள். இலுப்பைக்கடவை வந்தது, வெள்ளாங்குளம் வந்தது. அவள் கேட்கவும் இல்லை. நான் சொல்லவும் இல்லை. என் கைப்பைக்குள் அம்மாவின் போத்தல் இருந்தது. ஏன் கொண்டுபோனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் எங்களைப் பார்த்த கண் டொக்டர் ஒரு பெண். மெலிந்த உடம்பு, மெதுவான குரல். புண்ணிலிருந்து துளி சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். உடனே பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை என்றும், வளர்த்துப் பார்க்கச் சில நாள் எடுக்கும் என்றும் சொன்னார். அதுவரைக்கும் வார்ட்டில் வைத்து, சாதாரணக் கிருமிக்கான மருந்தை மணிக்கு ஒரு தரம் விடச் சொன்னார். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். மன்னாரில் எழுதிய கொப்பி மேசையில் விரிந்திருந்தது. அதில் 'வேறு மருந்து இல்லை' என்று இருந்தது. எழுதியது எழுதினதாகவே இருக்கட்டும் என்று தலையாட்டினேன்.

ஒவ்வொரு நாள் காலையும் டொக்டர் கருவியில் நாடியை ஊன்றி வைக்கச் சொல்லிப் பார்ப்பார். ஒவ்வொரு நாளும் அவருடைய நெற்றி சுருங்கும். புண் பெருத்தது. ஓரத்தில் இறகுபோலக் கிளை விட்டது. "ஏன் இந்த மருந்துக்கு மடங்குதில்லை?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். எனக்குப் பதில் தெரியும். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது தவக்காலத்தின் கடைசிக் கிழமை. யாழ்ப்பாணம் வந்த நான்காம் நாள் பின்னேரம், தாதியிடம் சொல்லிவிட்டு, பக்கத்துக் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். நீண்ட வரிசை. என் முறை வந்தபோது முழங்காலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். போத்தல், அலுமாரித் தாள், துணித் திரை, இரண்டு தரம் சொன்ன பொய். சொல்லச் சொல்ல நெஞ்சு இளகியது. எங்கள் ஆட்களுக்கு இதுதான் பழக்கம். பிழை செய்தால் சாமியாரிடம் சொல்லுவோம், மன்னிப்பு வாங்குவோம், எழுந்து போவோம். நானும் எழும்புவதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

உள்ளே இருந்த குரல் கேட்டது. "தங்கச்சி எங்க?"

"வார்ட்டில ஃபாதர்."

"டொக்டருக்குச் சொன்னீங்களோ?"

"இல்லை ஃபாதர். அதுதான் உங்களிட்டச் சொல்ல வந்தனான்."

"ஆண்டவருக்கு ஏற்கனவே தெரியும். டொக்டருக்குத்தான் தெரியாது. மிச்சத்தைப் பிறகு பாப்பம். முதல்ல அங்க போங்கோ."

எனக்குப் பின்னால் நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ, நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். டொக்டர் வீட்டுக்குப் புறப்பட்டு, நடையில் நின்று தாதியோடு கதைத்துக்கொண்டிருந்தார். போத்தலை அவருடைய கையில் வைத்தேன். அவர் பெயரைப் படித்தார், திகதியைப் படித்தார். முடிந்து ஒரு வருடத்துக்கு மேல்.

"எவ்வளவு நாள் விட்டனீங்கள்?"

"மூண்டு கிழமை. முதல் கிழமை ஆறு தரம், பிறகு ஐஞ்சு, பிறகு நாலு. ஒழுங்கா விட்டனான் டொக்டர்."

அந்த 'ஒழுங்கா' என்ற சொல் ஏன் என் வாயில் வந்ததென்று தெரியவில்லை. டொக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். திரும்பி வார்ட்டுக்குள் நடந்தார். நடக்கும்போதே, "இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் வேற மாதிரி யோசிச்சிருப்பன்" என்றார். அன்றைக்கே பூஞ்சணத்துக்கான (பாண் பழுதானால் அதன்மேல் பச்சையாகப் பூக்கிறதே, அந்த வகைக் கிருமி) மருந்தைத் தொடங்கினார். இரண்டு நாள் கழித்து வந்த பரிசோதனை முடிவும் அதையே சொன்னது. கிருமி கடல்தண்ணீரில் வந்ததா, பழைய போத்தலில் வந்ததா என்று நான் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எதில் வந்திருந்தாலும் அதை என் கைதான் கொண்டுபோய் விட்டது.

பெரிய வெள்ளிக்கிழமையும் உயிர்த்த ஞாயிறும் வார்ட்டில் கழிந்தன. மருந்து கண்ணை எரித்தது. ஒவ்வொரு மணிக்கும் தாதி வர முன்னரே றெஜினாவின் உடம்பு சுருங்கத் தொடங்கிவிடும். எனக்கு மணிக்கூடு பார்க்கத் தேவையில்லாமல் போனது. அவளுடைய தோள்களைப் பார்த்தே நேரம் சொல்லப் பழகிவிட்டேன்.

நாலைந்து கிழமையில் பூஞ்சணம் அடங்கியது. ஆனால் புண் மூடவில்லை. கருவிழியின் மேல்தோல் ஒட்டாமல் திறந்தே கிடந்தது, அந்த இடம் நாளுக்கு நாள் மெலிந்தது. டொக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு இருத்தினார்.

"இன்னும் மெலிஞ்சால் ஓட்டை விழும். விழுந்தால் அவசரமாக் கருவிழி மாத்தவேண்டி வரும். கிருமி இருந்த கண்ணில அது நிண்டு பிடிக்குமோ தெரியாது. அதுக்கு முன்னால ஒண்டு செய்து பாப்பம். பழுதான மேல்படையை மட்டும் மெல்லமாச் சுரண்டி எடுத்துப்போட்டு, மேல பனிக்குடச் சவ்வை வைச்சுத் தைக்கப் போறன்."

"அது என்ன சவ்வு டொக்டர்?" என்று கேட்டேன்.

"பிள்ளை வயித்துக்குள்ள இருக்கேக்க அதைச் சுத்தி ஒரு மெல்லிய தோல் இருக்குமெல்லோ, அது. சிசேரியன் செய்யிற தாய்மார் சம்மதிச்சுத் தாறவை. பரிசோதிச்சுச் சுத்தமா வைச்சிருப்பம். புண்ணுக்கு மேல அதை மூடினால், அதுக்குக் கீழ புதுத்தோல் வளரும். சவ்வு பிறகு தானாக் கரைஞ்சிடும்."

"பார்வை?" இதை றெஜினா கேட்டாள்.

"இருக்கிற பார்வையைக் காப்பாத்திறதுதான் என்ர முதல் வேலை. கூட்டித் தருவன் எண்டு சொல்லமாட்டன்."

நான் அழுதேன். றெஜினா அழவில்லை. வார்ட்டுக்குத் திரும்பிக் கட்டிலில் ஏறி உட்கார்ந்ததும் சிரித்தாள். "எனக்குப் பிள்ளை இல்லையெண்டு கதைக்கிறவையளுக்குப் போய்ச் சொல்லு அக்கா. ஒரு பிள்ளை இருந்த வீடு என்ர கண்ணில வரப்போகுது." அத்தனை கிழமைக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். பக்கத்துக் கட்டில் கிழவி கோபமாகப் பார்த்தார்.

ஒப்பரேஷன் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. கண்ணைச் சுற்றி விறைக்க ஊசி போட்டிருந்தார்கள், நினைவு இருந்தது. வலிக்கவில்லை என்றாள். "வெளிச்சத்துக்குள்ள ஆரோ ஈரத்துணி விரிச்ச மாதிரி இருந்தது. பிறகு எல்லாம் வெள்ளை" என்றாள். நான் வெளியே வாங்கிலில் செபமாலையோடு இருந்தேன். மணிகளை எண்ண முடியவில்லை. ஆறு, ஐந்து, நான்கு என்று அலுமாரித் தாள்தான் மனதில் ஓடியது.

அதற்குப் பிந்திய நாட்களைப் பற்றி இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சவ்வு இருக்கும்வரை கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, தயிர் மூடியதுபோல வெளியிலிருந்தே வெள்ளையாகத் தெரியும். பயந்துவிடாதீர்கள். நான் பயந்து, ஒப்பரேஷன் பிழைத்துவிட்டது என்று மச்சானுக்குக் கட்டாருக்குப் போன் கோல் எடுத்து அழுதேன். அவ்வளவு நாளும் அவருக்குச் சின்னக் காயம் என்றுதான் சொல்லியிருந்தோம். அந்த மனுசன் அங்கே வேலைக்குப் போகாமல் அறைக்குள் படுத்துவிட்டார். மூன்றாம் கிழமை சவ்வு கரைந்தது. தையலைப் பிரித்த அன்று டொக்டர் மஞ்சள் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் நீண்ட நேரம் பார்த்தார். பச்சை இல்லை. மேல்தோல் மூடிவிட்டது.

கண் தப்பியது. பார்வை முழுதாகத் தப்பவில்லை. புண் இருந்த இடத்தில் தழும்பு நிற்கிறது. கண்மணியின் ஓரத்தை அது மூடுகிறது. கண்ணாடி போட்டால் ஆட்களின் முகம் தெரிகிறது, மீனின் முள் தெரிகிறது, காசு தெரிகிறது. விளக்கைப் பார்த்தால் சுற்றிவரப் புகை மாதிரி இருக்கிறதாம். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் தெரியாது. பள்ளிக்கூடச் சட்டைகளை அவள் விட்டுவிட்டாள். இப்போது பூப்போட்ட தலையணை உறைகள் தைக்கிறாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது நான். காலையில் ஐந்து ஊசி கோத்துக் குத்தி வைத்துவிட்டு வாடிக்குப் போவேன். அவளை இனி வாடிக்கு விடுவதில்லை. நாங்கள் எல்லோரும் இப்போது கண்ணாடி போடுகிறோம், குடிதண்ணீர்ப் பீப்பா இரண்டு நிற்கிறது. இவ்வளவு சுலபமான காரியம்.

ஒவ்வொரு கிளினிக்குக்கும் அதே பஸ்ஸில் போய் வந்தோம். தையல் பிரித்த பிறகு அவள் மறுபடி யன்னல் ஓரம் கேட்டாள். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வலது கண்ணால் வெளியே பார்ப்பாள். முதல் தரம் பெயர்ப் பலகை நிற்பது தெரிந்தது. அடுத்த மாதம், அதில் ஏதோ எழுதியிருப்பது தெரிந்தது. கடைசியாகப் போய்த் திரும்பியபோது, பஸ் ஆளை இறக்க நின்ற இடத்தில், கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, "இ... லு... ப்பை... இலுப்பைக்கடவை" என்று வாசித்தாள். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"இடம் வந்தால் வாசிக்காமலே தெரியுமே, இது எந்த ஊரெண்டு" என்றேன், சீண்டுவதற்கு.

"தெரியும். ஆனா வாசிச்சனான்" என்றாள்.

அவ்வளவு நாளும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். "றெஜி, நான் மன்னாரிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் உனக்கு வெள்ளை நூலும் தெரிஞ்சிருக்கும்."

அவள் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். "டொக்டர் கேட்கேக்க நானும் அங்கதானே இருந்தனான்."

"உனக்குக் கேட்டதோ?"

"கேட்டது. யாழ்ப்பாணத்தில கேட்டதும் கேட்டது."

"பிறகேன் வாய் திறக்கேல்லை?"

"நீ இல்லை எண்டு சொல்லிப்போட்டாய். அதுக்குப் பிறகு நான் ஓம் எண்டு சொன்னால், உன்னை அந்தச் சனமெல்லாம் என்னவெண்டு நினைக்கும்? நீயே சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

ஐந்து நாள். தன் ஒரே கண் எரிந்துகொண்டிருந்தபோது, என் மானம் போகக்கூடாதென்று ஐந்து நாள் அவள் பேசாமல் இருந்திருக்கிறாள். நானோ, அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். மன்னாரிலும் கோயிலிலும் வராத அழுகை, அந்தப் பஸ்ஸில் எல்லோருக்கும் முன்னால் வந்தது. வெட்கம் பார்க்கவில்லை. இந்தத் தரம் ஆர் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வருடம் ஆகப்போகிறது. றெஜினாவின் கண் இனித் தானாக ஈரமாக இருக்காது. கண் வறளாமல் இருக்க நாளுக்கு நான்கு தரம் சொட்டு மருந்து விடவேண்டும், எத்தனை வருடத்துக்கென்று டொக்டர் சொல்லவில்லை. என் நாளுக்கு இப்போது நான்கே நேரங்கள். அவற்றுக்கு இடையில்தான் சமையல், வாடி, கோயில் எல்லாம். காலையில் எழுந்ததும் நான் என் கண்களை ஒவ்வொன்றாகப் பொத்திச் சுவரில் இருக்கும் கலண்டரைப் பார்க்கிறேன். இரண்டிலும் தெளிவாகத் தெரிகிறது. அப்படித் தெரிவது எனக்குச் சில நாட்களில் கூச்சமாக இருக்கிறது.

அலுமாரிக் கதவில் இருந்த இரண்டு தாள்களையும் கிழிக்கப் போனேன். றெஜினா விடவில்லை. அம்மாவின் தாளை மட்டும் கழற்றி, தன் செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். மற்றது இன்னும் அங்கேதான் இருக்கிறது, என் பென்சில் புள்ளிகளோடு.

மருந்தை அவளே விட்டுக்கொள்ள முடியும். தாதி பழக்கியும் விட்டார். ஆனாலும் நான்கு தரமும் என் வளவுக்கு நடந்து வருகிறாள். கதிரையில் உட்கார்ந்து அண்ணாந்து கொள்கிறாள்.

"வாசி" என்கிறாள்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போத்தலில் இருக்கும் பெயரை வாசிக்கிறேன். முடிவுத் திகதியை வாசிக்கிறேன். அதில் நான் எழுதி ஒட்டிய, மூடி திறந்த நாளை வாசிக்கிறேன். எழுத்து எழுத்தாக, பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். முடிந்ததும் வலது கண்ணை அகலத் திறக்கிறாள்.

"ஓம். இப்ப விடு."